இரண்டாம் பொருளுக்கு ஒரு வாக்கியம்

அந்த அலுவலகத்தில் யாருக்கும் பெற்றோர் வைத்த பெயர் நிலைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அகராதி போடுகிற இடம் அது. விடிந்தால் அடைந்தால் சொற்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பதிப்பாசிரியருக்கு முன்னுரை என்று பெயர். புத்தகத்தில் அவர் தன் கையால் எழுதுவது முன்னுரை ஒன்றைத்தான். அதையும் போன பதிப்பிலிருந்து எடுத்து ஆண்டை மட்டும் மாற்றிவிடுவார். எதிர் மேசை உதவியாசிரியனுக்கு அரைப்புள்ளி என்று பெயர். அவன் ஒரு வாக்கியத்தை முடித்து யாரும் கேட்டதில்லை. துணையாசிரியையின் பெயர் காதுக்காரி. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டால் வில்லங்கம் எங்கே ஆரம்பித்தது என்பதும் தெரிந்துவிடும்.

போன பதிப்பு வெளிவந்த சமயம், காதுக்காரியின் மகள் வீட்டுப்பாடத்துக்காக அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். புதுமை என்ற சொல்லுக்கு எதிரே, ‘புதுமை மக்களை மகிழ்விக்கும்’ என்று எடுத்துக்காட்டு போட்டிருந்தது.

“அம்மா, இப்படி யாரும்மா பேசுவாங்க?”

“எடுத்துக்காட்டுக்காகப் போட்டிருக்குடி.”

“எந்த மக்கள்? எப்போ மகிழ்ந்தாங்க?”

அந்த வாக்கியத்தை எழுதியது யார் என்று சொல்லாமல் காதுக்காரி சமையலறைக்குப் போய்விட்டாள். ஆனால் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் அகராதியைப் பிரித்து வரி வரியாகப் பார்த்தாள். மான்கள் துள்ளி ஓடின. அரசர்கள் நீதி வழங்கினார்கள். நண்பர்கள் ஒற்றுமையாக வாழ்ந்தனர். அத்தனை பக்கத்திலும் ஒரு மனிதர்கூட வாயைத் திறந்து பேசவில்லை.

அவள்தான் விதியைக் கொண்டுவந்தாள். புதிய பதிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் போடுகிற எடுத்துக்காட்டு, யாரோ ஒருவர் நிஜமாகவே பேசியதாக இருக்க வேண்டும். எழுதுகிறவர் அதைத் தன் காதால் கேட்டிருக்க வேண்டும். மேடையில் பேசியது, தொலைக்காட்சியில் வந்தது, சுவரொட்டியில் இருந்தது எதுவும் செல்லாது. முக்கியமாக, இவர்கள் கேட்கிறார்கள் என்று பேசுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் மனிதன் உடனே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு மானைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். கேட்ட வாக்கியத்தை ஓர் அட்டையின் முன்பக்கம் எழுத வேண்டும். சொன்னவர் என்ன வேலை பார்க்கிறவர் என்பதைப் பின்பக்கம் எழுத வேண்டும். ஆளைப் பார்த்து வாக்கியத்தை எடைபோட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

முன்னுரை அப்போது தலையை ஆட்டினார். முதலாளியிடம் சொல்லிக்கொள்ள நன்றாக இருந்தது.

அன்றிலிருந்து காதுக்காரி பேருந்திலும் பல் மருத்துவமனை வாசலிலும் தையற்கடை மேசை ஓரத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அள்ள அள்ளக் கிடைத்தது. பொறுமைக்கு ஒரு நடத்துநர் கொடுத்தார்: ‘பொறுமையா இறங்குங்க, பஸ்ஸை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க.’ நிச்சயத்துக்குத் தையற்காரர்: ‘நாளைக்கு நிச்சயமா குடுத்துடறேன், இந்தத் தடவை நிஜமாவே நிச்சயம்.’ உரிமைக்கு, ஜன்னலோர இருக்கைக்காக அடித்துக்கொண்ட அக்காவும் தங்கையும். அமைதிக்கு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திய ஒரு வரவேற்பாளர். அட்டைகள் பெட்டி பெட்டியாகச் சேர்ந்தன. அரைப்புள்ளிகூடத் தேறிவிட்டான். “அக்கா, இன்னைக்கு மருந்துக் கடையில ஒருத்தர்...” என்று ஆரம்பித்துவிட்டு மீதியை அட்டையாக நீட்டுவான்.

எல்லாச் சொல்லுக்கும் ஆள் கிடைத்தார்கள். ஒரே ஒரு சொல் மட்டும் உயிரை வாங்கியது.

அந்தத் திங்கட்கிழமை முன்னுரை அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அச்சகத்தின் கெடு எழுதிய நாட்காட்டி இருந்தது.

“அச்சகத்துக்காரன் கழுத்தைப் பிடிக்கிறாம்மா. இன்னும் எவ்வளவு பாக்கி?”

“ஒரு அட்டைதான் சார்.”

“எந்த வார்த்தை?”

“புதுமை. ரெண்டாவது பொருள்.”

புதுமைக்கு அகராதியில் இரண்டு பொருள். முதலாவது, வழக்கத்துக்கு மாறானது. அது சுலபமாகக் கிடைத்துவிட்டது. கீழ்த்தளத்துப் பேனா கடைக்காரி தன் கணவரைப் பார்த்து, ‘என்ன இன்னைக்குப் புதுமையா நீங்களே டம்ளரைக் கழுவுறீங்க?’ என்று கேட்டபோது காதுக்காரி படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பொருள்தான் தகராறு. புதிய யோசனை, ஒன்றைச் செய்ய இதுவரை இல்லாத ஒரு வழி. அந்தப் பொருளில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்வதாகத் தெரியவில்லை.

“ஏம்மா, ஊரெல்லாம் அந்த வார்த்தைதானே கிடக்கு?”

“பேனர்ல கிடக்கு சார். வாயில இல்ல.”

முன்னுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ ஒரு முடிவைச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

“சரி, ஒரு முடிவுக்கு வருவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த அட்டை வந்துட்டா, அடுத்து வரப்போற பெரிய அகராதிக்கும் உங்க விதிதான். நீங்களே முன்ன நின்னு பண்ணுங்க. வரலைன்னா பழையபடி நாமளே எழுதிடலாம். ஒரு வார்த்தைக்குக்கூட எடுத்துக்காட்டு தர முடியாத விதியை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?”

பெரிய அகராதி! அதற்காகத்தான் அவள் இத்தனை நாள் பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டு வந்தாள். பேச்சு நின்றபடி போகிறவர்களிடம்தான் அதிகம். பெரிய அகராதி முழுக்க மனிதர்கள் பேசுவார்கள், ஒரு மான்கூட ஓடாது. அந்த ஆசை ஒரு சொல்லில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டாள். புதிய யோசனை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்தச் சொல்லும் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

முதலில் தையற்கடை. தையற்காரர் ஒரு நீளக் குச்சியின் நுனியில் காந்தத்தைக் கட்டி, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே தரையில் விழுந்த ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். காதுக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துணி கொடுக்க வந்த பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, “நல்ல ஐடியாவா இருக்கே” என்றாள். தையற்காரர், “சும்மா ஒரு இது” என்றார்.

ஐடியா. சும்மா ஒரு இது. இரண்டையும் எழுதிக்கொள்ள அட்டை இல்லை.

அடுத்து வங்கி. வாசலில் ஆள் உயரப் பதாகை ஒன்றில், ‘புதுமையின் புதிய முகவரி’ என்று போட்டிருந்தது. அதன்கீழே எண் சீட்டு கொடுக்கிற இயந்திரம் ஒன்றைப் புதிதாக வைத்திருந்தார்கள். முன்பு நேராக வரிசையில் நின்றவர்கள் இப்போது இயந்திரத்தின் முன்னால் ஒரு வரிசையில் நின்று, சீட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு வரிசைக்குப் போனார்கள். இத்தனை பேர் வெந்து நொந்துகொண்டிருக்கிற இடத்தில் அந்தச் சொல் வராமல் எங்கே வரும்? காதுக்காரியும் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“முன்னாடியே நல்லா இருந்துச்சு” என்றார் ஒருவர்.

“எவன் குடுத்த யோசனையோ” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“மாத்தறேன் மாத்தறேன்னு உசுரை எடுக்கிறாங்க” என்றாள் குழந்தையை மடியில் வைத்திருந்தவள்.

எல்லாரும் அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தொடத்தான் மாட்டேன் என்றார்கள். பொறுக்க முடியாமல் காதுக்காரி வாசல் காவலாளியிடம் போய், பதாகையைக் காட்டி, “அண்ணே, இது என்னது?” என்று கேட்டாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். “அது பேனரும்மா.”

“அதுல என்னமோ எழுதியிருக்கே?”

“அது எப்பவும் ஏதாவது எழுதியிருக்கும்.”

அவருடைய பதிலில் குறை சொல்ல எதுவும் இல்லை என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. புதனும் இதே கதிதான். தண்ணீர்க் குழாய் ஒழுகலைச் சைக்கிள் டியூப்பால் கட்டிய வீட்டுக்காரர் அதை ‘ஒரு ஏற்பாடு’ என்றார். இரண்டு துடைப்பத்தை ஒன்றாகக் கட்டிப் பெருக்கிய துப்புரவுத் தொழிலாளி ‘டெக்னிக்’ என்றாள், அவளுடைய மேஸ்திரி ‘வேண்டாத வேலை’ என்றார். உலகத்தில் நிமிஷத்துக்கு ஒருத்தர் புதிதாக எதையோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். செய்கிறவர் அதற்கு வைக்கிற பெயர் சும்மா. பார்க்கிறவர் வைக்கிற பெயர் வேண்டாத வேலை. அகராதியில் மட்டும் அது மக்களை மகிழ்வித்துக்கொண்டிருக்கிறது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது தலை விண்விண்ணென்று தெறித்தது. கூடத்தில் கணவன் நாற்காலிமேல் நின்று கூரையில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கழித்துப் போட்ட லிஃப்டிலிருந்து ஒரு சின்னக் கப்பியைக் கொண்டுவந்து, துணி காயப்போடுகிற கம்பியைக் கயிற்றில் கோத்திருந்தான். கயிற்றை இழுத்தால் ஈரத்துணி அத்தனையும் கம்பியோடு சேர்ந்து கூரைக்குப் போய்விட்டது. கீழே தலையில் எதுவும் இடிக்கவில்லை. மழைக்காலம் முழுக்க ஈரச் சட்டைகளுக்கு நடுவே குனிந்து நடந்த குடும்பத்துக்கு அது சொர்க்கம்.

காதுக்காரி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இதைவிடப் பொருத்தமான இடம் இனிக் கிடைக்கப் போவதில்லை.

“என்னங்க இது?”

“கொடி.”

“கொடிதான். ஆனா மேல போகுதே, இதை என்னன்னு சொல்வீங்க?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “மேல போற கொடி.”

“இல்லங்க, இந்த மாதிரி நீங்களா யோசிச்சு ஒண்ணு பண்ணியிருக்கீங்களே, அதை, பொதுவா...”

“ஞாயித்துக்கிழமை வேலைன்னு சொல்வேன். இன்னைக்கு லீவு போட்டதால புதன்கிழமை வேலை. ஏன், கயிறு இறுக்கமா இருக்கா?”

அவ்வளவுதான், அவள் வெடித்துவிட்டாள். பையைச் சோபாவில் எறிந்தாள். “புதுமைன்னு ஒரு வார்த்தை வாயில வராதா உங்களுக்கு? புதுமைன்னு! ஒரே ஒரு தடவை! வெள்ளிக்கிழமைக்குள்ள யாராவது ஒருத்தர் அதைச் சொல்லலைன்னா என் விதியைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. ஊரே சேர்ந்து வாயில பூட்டுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் செய்த காரியம் புரிந்தது. விதியை எழுதியவளே விதியைப் போட்டு உடைத்துவிட்டாள். கேட்கிறார்கள் என்று பேசுகிறவருக்குத் தெரியக் கூடாது. இனி இந்த வீட்டில் யார் எப்படிச் சொன்னாலும் செல்லாது.

கணவன் நல்லவன். அந்த நல்ல குணம்தான் ஆபத்து. இரவுச் சாப்பாட்டில் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, “இன்னைக்குச் சமையல்ல ஒரு புதுமை தெரியுது” என்றான்.

“செல்லாது” என்றாள்.

“ஏன்?”

“உங்களுக்குத் தெரியும்ல, நான் கேட்கறேன்னு.”

“தெரியாத மாதிரி சொல்றேன்.” திரும்பவும் ஒரு கவளம். “அடடா, என்ன ஒரு புதுமை!”

மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, நீங்க மான் மாதிரி பேசறீங்க.”

காதுக்காரிக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அவன் மறுநாள் காலையில் மனைவிக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு மாடிப்படியில் பார்த்த எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அடுக்குமாடியில் நாலு பேருக்குத் தெரிந்தால் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி எல்லா வீட்டுக்கும் போய்விடும். வியாழக்கிழமை காதுக்காரி வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கினாள். இரண்டாம் மாடிப் பெண் கதவைத் திறந்து மகளை முன்னால் தள்ளினாள். “அக்கா, இவ தலைப்பின்னல்ல இன்னைக்கு ஒரு புதுமை பண்ணியிருக்கேன், பாருங்க.” முதல் மாடியில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் வழிமறித்து, செருப்பு அலமாரியில் தாம் செய்திருக்கிற புதுமையை விளக்கினார். கீழே வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர் எதுவும் செய்யாமலே, “புதுமைங்க மேடம், புதுமை” என்று சலாம் வைத்தார். நேற்றுவரை பஞ்சமாக இருந்த சொல் இன்று ஆளாளுக்கு வாரி இறைக்கிற சொல்லாகிவிட்டது. அதில் ஒன்றுகூடத் தேறாது. வருகிற கோபத்தில் அவளால் நன்றி என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

அலுவலகத்திலும் அதே கூத்து. அரைப்புள்ளி காலையிலேயே, “அக்கா, புதுமையா ஒரு...” என்று ஆரம்பித்தான். “வாயை மூடு” என்றாள். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக வேறு ஒருவர் அவனுடைய வாக்கியத்தை முடித்துவைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் இரண்டு பேருந்து மாறி, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு சந்தையில் போய் நின்றாள். விலை கேட்டார்கள், வெயிலைத் திட்டினார்கள், மருமகனைத் திட்டினார்கள். கால் வலித்ததுதான் மிச்சம். மதியம் திரும்பி வந்து, வெற்று அட்டையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மின்விசிறிக் காற்றில் அது படபடத்தது. எழுந்து பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

அரைப்புள்ளி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அக்கா, நீங்களே ஒண்ணு எழுதிடுங்க. யாருக்கும் தெரியாது” என்றான்.

அவன் முடித்த முதல் வாக்கியமே இப்படி இருந்தது.

காதுக்காரி அவனைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. பேனாவைத் திறந்தாள். ‘எங்க வீட்டுக்காரர் துணி காயப்போடுறதுல ஒரு புதுமை பண்ணியிருக்கார்.’ எழுதிப் பார்த்தாள். மோசமில்லை. பேசுகிற மாதிரியேதான் இருந்தது. பின்பக்கம் இல்லத்தரசி என்று எழுதிவிட்டால் முன்னுரையின் தாத்தாவாலும் கண்டுபிடிக்க முடியாது. பெரிய அகராதி கைக்கு வந்துவிடும். அதில் லட்சணமாக ஆயிரம் சொல்லுக்கு உண்மையான வாக்கியம் போடலாம், இந்த ஒன்றுக்காக ஏன் சாக வேண்டும்?

அவள் அட்டையை மறுபடி வாசித்தாள். கணவன் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘தெரியாத மாதிரி சொல்றேன்’ என்று சொன்ன முகம் கண்முன் வந்தது. இந்த வாக்கியத்துக்கும் அதே முகம்தான். அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். இன்னொரு வெற்று அட்டையை எடுத்துக்கொண்டு முன்னுரையின் அறைக்குப் போனாள்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தார். கைப்பேசி காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தது. மறுமுனையில் யாரோ அவரைக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள் போல.

“கிடைச்சுதா?”

“இல்ல சார். இன்னும் ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா...”

“ரெண்டு நாளா?”

“ஒரே ஒரு வார்த்தை சார். மத்த எல்லாத்துக்கும் கிடைச்சிருக்கு. ஒரு வார்த்தை ஜனங்க வாயில இல்லைன்னா, அதைக்கூட நாம அகராதியில சொல்லலாம். ‘பேச்சில் அரிது’ன்னு ஒரு குறிப்பு போடலாம். விதியைக் கைவிட வேண்டாம் சார். பிள்ளைங்க படிக்கிற புஸ்தகத்துல மனுஷங்க பேசட்டும்.”

அவள் இத்தனை நேரம் ஒரு மூச்சில் அவரிடம் பேசியதே இல்லை. முன்னுரை இழுப்பறைக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே பதில் சொன்னார்.

“இந்தப் புதுமையெல்லாம் நமக்கு ஒத்துவராதும்மா. இருக்கிறதை ஒழுங்கா செஞ்சாலே போதும்.” பிறகு இழுப்பறையை ஓங்கிச் சாத்தினார். “இங்கதானே வெச்சேன் அந்த ஸ்டேப்ளரை? நீங்க போங்கம்மா, போய் அந்த அட்டைக்கு ஏதாவது எழுதி முடிங்க. இன்னும் அந்த ஒரு வார்த்தையைத் தேடிக்கிட்டு...”

காதுக்காரி நின்ற இடத்திலேயே நின்றாள்.

அடி விழுந்தது முதலில் உறைத்தது. ஒத்துவராது. அவ்வளவுதான், முடிந்தது. கன்னத்தில் அறைந்த மாதிரி எரிந்தது. அந்த எரிச்சலுக்குள்ளேயே, பழகிப்போன காது தன் பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டிருந்தது. புதுமை. இரண்டாம் பொருள். புதிய யோசனை, ஒன்றைச் செய்ய இதுவரை இல்லாத ஒரு வழி. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் அதே பொருள். தன் காதால் கேட்டாள். மேடை இல்லை, பதாகை இல்லை. அவர் தன் வேலையைச் செய்துகொண்டே சொன்னார். சொன்னது அவருக்கே தெரியாது, ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டிருந்தார். விதியின் எந்தப் பிரிவிலும் ஓட்டை இல்லை.

தன் மேசைக்கு ஓடிவந்தாள். முன்பக்கம் வாக்கியத்தை எழுதினாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பின்பக்கம், ‘சொன்னவர்: பதிப்பாசிரியர்’ என்று எழுதினாள். அரைப்புள்ளி எட்டிப் பார்த்து, “அக்கா, இது நம்ம...” என்று வாயைப் பிளந்தான். அவள் அதற்குள் திரும்ப அறைக்குப் போய்விட்டாள்.

தொலைபேசிப் பேச்சு முடிந்திருந்தது. ஸ்டேப்ளரும் கிடைத்திருந்தது. முன்னுரை அட்டையை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, உரக்க வாசித்தார்.

“‘இந்தப் புதுமையெல்லாம் நமக்கு ஒத்துவராதும்மா. இருக்கிறதை ஒழுங்கா செஞ்சாலே போதும்.’” அவர் முகம் மலர்ந்தது. “பிரமாதம்மா! அப்படியே பேசற மாதிரி இருக்கு. புதுசா எதையாவது கொண்டுபோய் நீட்டுங்க, உடனே முகத்துல அடிச்ச மாதிரி இப்படித்தான் சொல்வாங்க. யாரு சொன்னது?”

“பின்னாடி எழுதியிருக்கு சார்.”

“யாரோ ஒரு பழைய பஞ்சாங்கம், வேற யாரு.” அவர் அட்டையைத் திருப்பவில்லை. ஓரத்தில் கையெழுத்தைப் போட்டு நீட்டினார்.

காதுக்காரி அதை வாங்காமல் நின்றாள். “சார், இன்னைக்கு வெள்ளிக்கிழமை. எல்லா அட்டையும் முடிஞ்சுது. நீங்க திங்கட்கிழமை என்ன சொன்னீங்கன்னா...”

“சொன்னேன்மா. அது அப்போ சொன்னது. இப்போதான் முதலாளிகிட்ட பேசி முடிச்சேன், பெரிய அகராதியைப் பழைய முறையிலயே பண்றதா முடிவாகிப்போச்சு.” அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, சமாதானம்தான் இருந்தது. அட்டையை அவளுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார். “இதையே எடுத்துக்கோங்க. அருமையான வாக்கியம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இதுக்காக எதுக்கு பஸ்லயும் மார்க்கெட்லயும் போய் நிக்கணும்? நான் இந்த நாற்காலியில உட்கார்ந்தபடியே சொல்லியிருப்பேன்.”

“சொன்னீங்க சார்” என்றாள் காதுக்காரி.

அவர் அதற்குள் அச்சகத்தின் எண்ணை அழுத்தியிருந்தார். “ஆமாப்பா, எல்லாம் தயார், ஆளை அனுப்பு” என்று சொல்லிக்கொண்டே, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அவள் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பெட்டியைத் திறந்தாள். புதினாவுக்கும் புதையலுக்கும் நடுவே முதல் பொருளின் அட்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் இதைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் அச்சகத்து ஆள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அச்சில் ஏறுவது அட்டையின் முன்பக்கம் மட்டும்தான்.